குரல் வந்த கதை

அமராவதிபுதூர் ரோட்டில் ஸ்கூட்டரில் வந்துகொண்டிருந்தபோதுதான் என் செயினை அறுத்தார்கள். பின்னாலேயே பைக்கில் வந்த இரண்டு பேர். விழுந்ததில் முழங்கை எலும்பில் விரிசல். "நகை போனாப் போகுது, உயிர் தப்புச்சே" என்று பார்க்க வந்தவர்கள் எல்லாம் ஆறுதல் சொன்னார்கள். எனக்கோ வேறொன்று உறுத்தியது. அந்த நேரத்தில் நான் ஒரு சத்தம்கூடப் போடவில்லை. வாயைத் திறந்தேன், வெறும் காற்றுதான் வந்தது.

கட்டுப் பிரித்த பிறகும் வெளியே போகவில்லை. தெருவில் பைக் சத்தம் கேட்டாலே கை கழுத்துக்குப் போய்விடும். காய்கறிக்குக்கூட வீட்டுக்காரர்தான் போனார். முகம் சுளிக்காமல் போனார் என்பதே எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

பக்கத்து வீட்டில் ஒரு முஸ்லிம் பெண். கணவர் துபாயில், மகளோடு தனியாக இருக்கிறாள். ஒருநாள் கேட்டருகே வந்து நின்றாள்.

"இப்படியே உள்ளுக்குள்ள கெடந்தா எப்படிக்கா? எம் மகளுக்குக் கராத்தே சொல்லித் தர்ற டீச்சர், பெரியவுகளுக்கும் சொல்லித் தாராகளாம். எனக்குத் தனியாப் போகக் கூச்சமா இருக்கு. நீங்களும் வாரீகளா?"

கூச்சம் அவளுக்கில்லை, எனக்காகச் சொல்கிறாள் என்று புரிந்தது. போனேன்.

டீச்சருக்கு முப்பது வயதுகூட இருக்காது. "ஓட முடிஞ்சா ஓடிருங்க. முடியலைன்னா கத்துங்க. அடிக்கிறதெல்லாம் கடைசி" என்றாள். பக்கத்து வீட்டுக்காரி போட்ட சத்தத்தில் பிள்ளைகள் காதைப் பொத்திக்கொண்டார்கள். எனக்கு வரவில்லை. 'பொம்பளப் பிள்ளை குரல் வாசல் தாண்டக் கூடாது' என்று வளர்ந்த தொண்டை. டீச்சர் அவசரப்படுத்தவில்லை. "வர்றப்ப வரும்க்கா" என்று அடுத்தவரிடம் போய்விட்டாள். பல வாரம் கழித்து ஒருநாள் வந்தது. கூடவே அழுகையும் வந்தது. யாரும் திரும்பிப் பார்க்காமல் பயிற்சியைத் தொடர்ந்தார்கள். அது எவ்வளவு பெரிய உதவி!

அதன்பின் நாங்கள் இருவரும் காலையில் நடக்கப் போக ஆரம்பித்தோம். ஒருநாள் பின்னால் வந்த பைக் எங்களை ஒட்டி மெதுவானது. நான் யோசிக்கவே இல்லை. விலகித் திரும்பி, "தள்ளிப் போடா!" என்று அடிவயிற்றிலிருந்து கத்தினேன். ஓட்டி வந்த பையன் மிரண்டுபோய் பைக்கைக் கீழே போட்டுவிட்டான்.

"அக்கா, கொத்தமங்கலம் எங்குட்டுப் போகணும்னு கேக்கத்தான்..."

எனக்கு அவமானமாகிவிட்டது. மன்னிப்புக் கேட்கப் போனேன். அதற்குள் அவன் ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டு, ரோட்டின் அந்தப் பக்கம் தள்ளிப்போய் நின்றான்.

"என் தப்புதான்க்கா, அவ்வளவு ஒட்டி வந்திருக்கக் கூடாது. எங்கம்மா தனியாத்தான் நடக்கப் போறாக. அவுகளும் இப்படிக் கத்துனா நல்லாத்தான் இருக்கும்."

பக்கத்து வீட்டுக்காரி பைக்கைத் தூக்கிவிடப் போனாள். கத்தியதில் கம்மிப்போன குரலில் நான் வழி சொன்னேன். அவன் திருப்பம் வரைக்கும் மெதுவாகவே ஓட்டிப் போனான்.