சாரன் கட்டு வைத்த கதவு

கல்முனையில் நான் வேலை செய்த புடவைக்கடையின் மூன்றாம் மாடியில், அபாயா தொங்குகிற இடத்துக்குப் பின்னால், ஓர் இரும்புக் கதவு இருந்தது. தீக்கதவு. திறந்து விட்டால் தானே சாத்திக்கொள்ளும். அதற்கு அப்பால், பின் ஒழுங்கைச் சந்துக்கு இறங்கும் படிக்கட்டு. "பூட்டாதீங்க. முட்டுக் குடுத்துத் திறந்தும் வைக்காதீங்க. புகையை மறிக்கிறதே இதுதான்" என்று கதவை மாட்டியவர்கள் சொல்லிவிட்டுத்தான் போனார்கள். யார் கேட்டது?

பாங்கு சொன்னதும் ஆம்பிளைகள் பள்ளிவாசலுக்குப் போய்விடுவார்கள். பெண்கள் நாங்கள் எங்கே போவது? மறைவாக இருந்தது அந்தப் படிக்கட்டின் மேல்தட்டு மட்டும்தான். முதலாளி தொழுகை விரிப்பாக இரண்டு முசல்லா வாங்கிப் போட்டார். "என்ட கடையில பொம்புளையளுக்குத் தொழ இடம் இரிக்கி" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் ஒரே பெருமை. அங்கே காற்று வர ஒரு வழி செய்யத் தோன்றவில்லை அந்த மனுசனுக்கு.

என்னோடு, என்னைவிட மூத்த ஒரு ராத்தா வேலை செய்தார். புருஷன் இல்லை. பின்னேரங்களில் வீட்டில் பிள்ளைகளுக்குக் குர்ஆன் ஓதிக்கொடுப்பார். கணீரென்ற குரல். கதவுக்கு யாராவது முட்டு வைத்தால் காலாலேயே தள்ளிவிடுவார். "சாத்திக் கிடக்கட்டும் புள்ள. சும்மாவா மாட்டி இரிக்கானுகள்?"

நோன்பு மாதம், மதியத்து லுஹர் தொழுகை நேரம். ராத்தா தொழுகையில் நின்றார். முதுகெல்லாம் வேர்வை. நோன்பாளிக்கு எங்கள் பக்கத்து ஃபேன் காற்றாவது போகட்டும், நன்மை கிடைக்கும் என்று நான்தான் சாரன் கட்டு ஒன்றை, விற்க வந்த லுங்கி மூட்டையை, இழுத்துக் கதவுக்கு முட்டு வைத்தேன். அவர் திரும்பிப் பார்க்கவில்லை. புடவை வாங்க வந்த ஒருவரோடு நான் கீழே இறங்கினேன்.

கீழே சாமான் அறையில் வயர் பற்றியது. நெருப்பு பெரிதில்லை, புகைதான் பெரிது. எல்லோரும் முன்வாசலால் தெருவுக்கு ஓடிவந்தோம். ராத்தா மட்டும் மேலே. புகை முன்படிகளால் ஏறி, நான் திறந்து வைத்த கதவால் போய், அவர் நின்ற படிக்கட்டையே நிறைத்திருக்கிறது. பின் ஒழுங்கையால் அவரைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். "கதவு சாத்திக் கிடந்திருந்தா இவ தானே நடந்து இறங்கி வந்திருப்பா" என்றார் நெருப்பணைக்க வந்தவர்.

"அல்லாஹ்ட நாட்டம்" என்றார் முதலாளி. பெயின்ட் அடித்துப் பெருநாளுக்குக் கடையைத் திறந்துவிட்டார். அல்லாஹ்வா சாரன் கட்டை இழுத்து வைத்தான்? வாய்வரை வந்ததை விழுங்கிக்கொண்டேன். கேட்டால் இழுத்து வைத்த கையையும் காட்ட வேண்டுமே.

ராத்தா பிழைத்தார். குரல் பிழைக்கவில்லை. இரண்டு வார்த்தை கதைத்தாலே மூச்சு இழுக்கிறது. ஓத வந்த பிள்ளைகள் வேறு இடம் போய்விட்டார்கள். வெள்ளிக்கிழமைகளில் போய்ப் பார்ப்பேன். அந்தச் சாரன் கட்டை வைத்தது யார் என்று அவர் கேட்டதில்லை. நானும் சொன்னதில்லை, கோழை.

போன கிழமை நான் புறப்படும்போது கடல்காற்றில் வாசற்கதவு படாரென்று சாத்திக்கொண்டது. ராத்தா நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். "திறந்து வை புள்ள. எனக்குக் காத்து வேணும்" என்றார். கொஞ்சம் மூச்சு வாங்கினார். "உனக்குத்தான் முட்டு வைக்கத் தெரியுமே."

வாசலில் கிடந்த கல்லைத் தூக்கிக் கதவுக்கு வைத்தேன்.