இரண்டு மீட்டர் வீடு

குன்னூரில் வாடகைக்கு வீடு தேடி ஒரு கதவைத் தட்டினேன். கம்பளிக் குல்லா போட்ட ஓர் அம்மாள் திறந்தார். என் தோள்பையைப் பார்த்ததுமே உள்ளே திரும்பி மருமகளைக் கன்னாபின்னாவென்று திட்டினார்.

“இங்க ரெண்டு குடும்பமுங்க. அடுப்பு தனி, பேச்சுவார்த்தையே இல்லீங்க!” விரல்கள் முந்தானையை முறுக்கிக்கொண்டே இருந்தன.

“நான் கரண்ட் ஆபீஸ் இல்லீங்கம்மா” என்றேன்.

சிரித்துவிட்டார். புது விதிப்படி, ஒரே குடும்பம் என்று தெரிந்தால் இரண்டாவது மீட்டரும் அதற்கான இலவச மின்சாரமும் போய்விடுமாம். மருமகள் எங்கள் இருவருக்கும் டீ கொடுத்தாள்.

கிளம்பும்போது வாசல்வரை வந்து அவள் மெதுவாகக் கேட்டாள்: “ஏனுங்க, இந்த செக்கிங் எப்பங்க முடியும்? இப்பெல்லாம் ஆளு வராதப்பவும் திட்டறாங்க.”

படியிறங்கினேன். உள்ளே அந்தக் குரல் மறுபடி தொடங்கியது. தெருவில் என்னைத் தவிர யாருமில்லை.