அப்பாவின் ஃபர்தர் மாத்ஸ்

ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் பன்னிரண்டாம் வகுப்புக்கு இருந்த 'ஃபர்தர் மாத்ஸ்' என்ற பாடத்தின் பெயரை மாற்றி, 'ஜெனரல்' என்று வைத்துவிட்டார்கள். நல்லதுதான். இனி எந்த அப்பாவும் ஏமாற மாட்டார். ஆனாலும் அதைக் கேட்ட அன்று எனக்கு என்னவோ போலிருந்தது. என் அப்பா அந்தப் பெயரைச் சொன்ன அழகுக்காகவாவது விட்டுவைத்திருக்கலாம்.

அப்போது மெல்பேர்னில், கிளென் வேவர்லியில் வாடகைக்கு இருந்தோம். நல்ல பள்ளிக்கூடத்தின் எல்லைக்குள் வீடு வேண்டும் என்பதற்காக, குசினிக்குள் இரண்டு பேர் திரும்ப முடியாத ஒரு வீட்டை அப்பா எடுத்திருந்தார். எங்கள் தமிழ் ஆட்களின் பிள்ளைகள் என்றால் மெதட்ஸ் படிக்க வேண்டும், அதாவது நுண்கணிதம். பதினோராம் வகுப்பு முழுவதும் நானும் அதோடு மல்லுக்கட்டினேன். ஏதோ ஒன்று பூச்சியத்தை நோக்கி நெருங்கிக்கொண்டே இருக்கும், போய்ச் சேராது. எனக்கு அவ்வளவு பொறுமை இல்லை. ஃபர்தரில் அதிகம் வரும் புள்ளிவிபரம், அதாவது ஸ்ராடிஸ்ரிக்ஸ், அப்படியல்ல. வகுப்பில் எல்லோருடைய உயரத்தையும் சப்பாத்து அளவையும் வரைபடத்தில் புள்ளிபுள்ளியாகப் போட்டபோது, கூட்டத்தை விட்டுத் தள்ளி ஒரு புள்ளி தனியே நின்றது. குள்ளமான ஆள், பெரிய பாதம். அது நான்தான். கணக்குப் பாடத்தில் நான் வாய்விட்டுச் சிரித்தது அன்றுதான்.

பன்னிரண்டாம் வகுப்பு தொடங்கிய கிழமை, சாப்பாட்டு மேசையில் மூச்சைப் பிடித்துக்கொண்டு சொன்னேன்.

"அப்பா, நான் மெதட்ஸ விட்டிட்டு ஃபர்தர் எடுக்கப் போறன்."

"ஃபர்தரோ!" அப்பாவின் முகம் மலர்ந்துவிட்டது. "எடு பிள்ளை, எடு!"

பழம் நழுவிப் பாலில் விழுந்த சந்தோஷம் எனக்கு. லண்டனில் ஃபர்தர் மாத்ஸ் என்றால் மகா கெட்டிக்காரர்கள் படிப்பது என்றும், அங்கே இருக்கும் பெரியப்பாவின் மகன் அதைப் படித்துத்தான் இன்ஜினியர் ஆனார் என்றும் எனக்கு எங்கே தெரியும்? அப்பாவுக்கு இங்கத்தைய ஃபர்தர் தெரியாது.

அந்தச் சனிக்கிழமை நகரத்தின் மறுகோடியில், வெரிபீயில் ஒரு பிறந்தநாள் கொண்டாட்டம். கையில் மட்டன் ரோல்ஸோடு அப்பா தன் சிநேகிதரிடம் போய் நின்றார். அந்த அங்கிளின் மகனும் என் வகுப்புத்தான்.

"உம்மட பெடியன் மெதட்ஸோட நிக்கிறான். என்ர மகள் ஃபர்தர்!"

அங்கிள் விழுந்து விழுந்து சிரித்தார். "அண்ணை, இது லண்டன் இல்லை. இங்க ஃபர்தர் எண்டா லேசான கணக்கு. கல்குலஸ் ஓடாத பிள்ளையள் எடுக்கிறது. இன்ஜினியரிங் பக்கமே போகேலாது."

பக்கத்தில் நின்றவர்களும் சிரித்தார்கள். அப்பாவும் சிரிக்கப் பார்த்தார். அந்தச் சிரிப்பை என்னால் பார்க்க முடியவில்லை.

வீட்டுக்குத் திரும்பும்போது கார் வெஸ்ட் கேட் பாலத்தை நெருங்கியது. திங்கட்கிழமை என்னைப் பிடரியில் பிடித்து மெதட்ஸுக்குள் தள்ளப் போகிறார் என்றே நினைத்தேன்.

"தெரிஞ்சுதான் எடுத்தனியோ?"

"ஓம் அப்பா."

"திரும்ப மாறலாமோ?"

"வெள்ளிக்கிழமை வரைக்கும் மாறலாம்."

பாலத்தில் ஏறி இறங்கிய பிறகுதான் அடுத்த கேள்வி வந்தது. "உனக்கு மாற விருப்பமோ?"

சாப்பிட்டாயா, படித்தாயா என்று ஆயிரம் தடவை கேட்டிருக்கிறார். விருப்பமா என்று கேட்டதில்லை. "இல்லை அப்பா, எனக்கு ஸ்ராடிஸ்ரிக்ஸ்தான் விருப்பம்" என்றேன். அம்மா ரேடியோவைப் போட்டார்.

நான்கைந்து நாள் அந்தப் பேச்சே இல்லை. வியாழக்கிழமை பின்னேரம் அங்கிள் போன் எடுத்தார். அப்பா எப்போதும் ஸ்பீக்கரில் போட்டுத்தான் கதைப்பார், ஊருக்கே கேட்கும். நான் அறை வாசலில் அப்படியே நின்றுவிட்டேன்.

"அண்ணை, நாளைக்குள்ள மாத்திப் போடுங்கோ. என்ர மகன் போற ரியூஷனுக்கு இவவையும் விடுங்கோ, பிடிச்சிடலாம்."

"இல்லைத் தம்பி, அவ ஸ்ராடிஸ்ரிக்ஸ்தான் படிக்கப் போறா."

"அப்ப இன்ஜினியரிங்?"

"அது என்ர ஆசை தம்பி. அவவின்ர இல்லை."

அப்பாவுக்கு அப்படியொரு ஆசை இருந்தது என்பதே, அவர் அதை விட்டுக்கொடுத்த அன்றுதான் எனக்குத் தெரிந்தது.