இரண்டரைக் கரண்டி கறித்தூள்

ஒரு பிள்ளையைப் பொய்க்காரி ஆக்குவதற்கு எவ்வளவு கறித்தூள் தேவை என்று யாராவது கேட்டால், என்னிடம் சரியான அளவு இருக்கிறது. இரண்டு கரண்டி, அதற்குமேல் ஓர் அரைக் கரண்டி. முதல் இரண்டையும் போட்டவர் என் அம்மா. மிச்ச அரையைப் போட்டவரைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

அப்போது எனக்குப் பத்து வயது. ஊரைவிட்டு வந்து, ரூஜ் என்ற புறநகரில் ஒரு தமிழ்க் குடும்பத்தின் வீட்டுக்குக் கீழே பேஸ்மென்றில் குடியிருந்தோம். அப்பா, அம்மா, நான். அப்பா நகரின் நடுவே ஓர் இத்தாலிய ரெஸ்ரோறன்ரில் சமையல்காரர். நான் பள்ளிக்கூடத்தில் இருக்கும்போது வேலைக்குப் போய், நான் நித்திரையான பிறகு வருவார். காலையில் கதவுக்குப் பின்னால் அவருடைய கறுத்தச் சட்டை தொங்கும். உள்ளியும் வெண்ணெயும் மணக்கும். நெஞ்சுப் பக்கத்தில் றொபேட் என்று ஒரு பெயர்த்தகடு குத்தியிருக்கும்.

என் அப்பாவின் பெயர் றொபேட் இல்லை. றொபேட் என்பது நத்தாருக்கு நத்தார் கேக்கோடு வந்துபோகும் அப்பாவின் சிநேகிதர், லொறி ஓட்டுகிறவர். ஒருமுறை கேட்டேன். "அது அவரின்ர பழைய சட்டை" என்றார் அம்மா. லொறிக்காரருக்கு எதற்குச் சமையல்காரச் சட்டை என்று நான் யோசிக்கவில்லை. எங்கள் வீட்டில் எல்லாமே மற்றவர்களின் பழசுதான். என் குளிர் ஜக்கெற் மேல்வீட்டு அக்காவினுடையது. சோபா றெக்ஸ்டேலில் யாரோ வீடு மாறும்போது தந்தது.

இவ்வளவு பெரிய சமையல்காரர் வீட்டில் ஒருநாளும் அகப்பையைத் தொட்டதில்லை. ஊர் முழுக்க அவர் கைச்சமையலைத் தின்ன, பெற்ற பிள்ளைக்குக் கிடைத்தது அம்மா குழைய அவித்து, பேணியில் அடைத்த மீன் போட்டுக் கிண்டிய ஸ்பகெற்றி. அதைப் பாஸ்ரா என்று சொன்னால் இத்தாலிக்காரர் வழக்குப் போடுவார்கள்.

அந்த ரெஸ்ரோறன்ரில் பேர்போன சாப்பாடு ஒன்று இருந்தது. இனிப்பும் உப்புமாக, பொரித்த மாட்டிறைச்சித் துண்டு போட்ட ஒரு ஸ்ரேக் பாஸ்ரா. அது எப்படிப் பிறந்தது என்று அப்பாவே ஒரு திங்கட்கிழமை சொன்னார். திங்களில்தான் அவருக்கு விடுமுறை. அப்பாவுக்குப் பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு பிளேன்ரீ குடிக்கிற பழக்கம். வேலைக்குப் போனாலும் சட்டைப் பையில் ஒரு துண்டு இருக்கும். ஒருநாள் சோஸில் புளிப்புக் கூடிப்போக, கையிலிருந்த பனங்கட்டியை நுள்ளி அதற்குள் போட்டாராம். முதலாளி ருசி பார்த்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டு நின்றாராம். அடுத்த மாதம் மெனுவில் அது ஏறிவிட்டது. கீழே சின்ன எழுத்தில், முதலாளியின் பாட்டி இத்தாலியில் சமைத்த முறை என்று ஒரு குறிப்பு. அப்பா இதைச் சொல்லிச் சிரித்தார். அம்மாவும் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பனைமரத்தைக் கண்ணாலும் காணாத ஒரு கிழவிக்கு என் அப்பாவின் பனங்கட்டியைத் தூக்கிக் கொடுத்துவிட்டு இதில் என்ன சிரிப்பு.

அந்த ஆத்திரம்தான் வகுப்பில் வெடித்தது. என் பக்கத்தில் இருந்தவள் மெலிசா. அவளுடைய குடும்பம் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அந்த ரெஸ்ரோறன்ருக்குத்தான் போகும். முதலாளி மேசைக்கே வந்து கதைப்பாராம். ஒருநாள் அவள் அந்தப் பாஸ்ராவைப் பற்றிப் பெருமையாகப் புழுக, அதைச் செய்கிறவர் என் அப்பா என்று நான் சொன்னேன். இல்லை, அது பாட்டியுடைய சமையல், மெனுவில் இருக்கிறது என்றாள் அவள். அச்சில் வந்துவிட்டால் வேதவாக்கு. வகுப்பே சிரித்தது. எனக்குக் காது சுட்டது. விக்டோரியா தின விடுமுறைத் திங்கட்கிழமை வீட்டுக்கு வா, என் அப்பா சமைத்துத் தருவார், தின்று பார்த்துவிட்டுச் சொல் என்றேன்.

வீட்டில் இதைச் சொன்னபோது அம்மா வெங்காயம் உரிப்பதை நிறுத்தினார். "பள்ளிக்கூடத்தில கேட்டால் அப்பா ஃபக்ரறியில வேலை எண்டு சொல்லச் சொல்லி எத்தினை தரம் சொன்னனான்?" என்றார். உண்மைதான், சொல்லியிருந்தார். சமையல் வேலை அவருக்கு வெட்கம்போல என்று நான் எண்ணியிருந்தேன். அந்த வெட்கத்தை நான் ஏன் சுமக்க வேண்டும்? இரண்டு நாள் இராச்சாப்பாட்டைத் தொடாமல் கிடந்தேன். தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது. அம்மா அசையவில்லை. அசைந்தது அப்பா.

"பிள்ளை சாப்பிடாமல் கிடக்குது. ஒருநாள்தானே, செய்து குடுப்பம்."

"நாசமாப் போறதுக்கு ஒருநாள் காணாதே?" என்றார் அம்மா. ஒரு சாப்பாட்டுக்கு இப்படி ஒரு பேச்சா என்று எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை.

அந்தத் திங்கட்கிழமை அப்பா வேறொரு மனுஷனாகிக் குசினிக்குள் நின்றார். இறைச்சியைக் கடுதாசித் துவாயால் ஒற்றி ஒற்றி ஈரம் எடுத்தார். உப்பும் மிளகும் தவிர வேறொன்றும் போடவில்லை. அம்மா வாசலில் நின்றபடி, "மஞ்சள் போட்டுக் கழுவாமல் இறைச்சியைச் சட்டியில போடுறதே? வெடுக்கு மணக்கும்" என்றார். கழுவினால் அது அவியுமே தவிரப் பொரியாது என்று அப்பா சொல்லி, "நீர் கொஞ்சம் தள்ளி நில்லும்" என்றார். அம்மாவைத் தள்ளி நிற்கச் சொன்னதை நான் அன்றைக்குத்தான் முதன்முதலாகக் கேட்டேன். உள்ளுக்குள் ஒரு குளிர்ச்சி.

இரும்புச் சட்டி புகைந்தபோது இறைச்சியை இறக்கினார். சுர் என்ற சத்தத்தோடு புகை எழும்பி, அலாரம் கத்தத் தொடங்கியது. மேல்வீட்டுக்காரர் காலால் நிலத்தைத் தட்டினார்கள். நான் கதிரையில் ஏறித் துவாயால் விசுக்கினேன். பக்கத்து அடுப்பில் வெங்காயம் மெல்லிய நெருப்பில் ஒரு மணித்தியாலமாகக் குழைந்து, தேன் நிறமாகி, பிறகு பனங்கட்டி நிறத்துக்கே வந்தது. அப்போதுதான் அப்பா சட்டைப் பைக்குள் கைவிட்டார். ஒரு துண்டு பனங்கட்டி, மேலே கறுத்த வினாகிரி கொஞ்சம், கிறீம் கொஞ்சம், பாஸ்ரா அவிந்த தண்ணீர் ஓர் அகப்பை. ஆறவைத்த ஸ்ரேக்கை மெல்லிசாக அரிந்தார். நடுவில் ரோசா நிறம். "உது இன்னும் உயிரோட கிடக்குது" என்றார் அம்மா.

எனக்கு ஒரு வாய் தந்தார். அதை இப்போதும் சொல்ல முடியும். முதலில் இனிப்பு, பிறகு புளிப்பு, கடைசியில் இறைச்சியின் உப்பு, எல்லாம் அடங்கியபின் தொண்டையில் பனங்கட்டி மணம். பத்து வருடம் இதை எனக்குத் தராமல் வைத்திருந்தார்களே என்று எனக்கு அழுகை வந்தது.

ஐந்து மணிக்கு மெலிசாவை அவளுடைய அம்மா கொண்டுவந்து விட்டார். நல்ல மனுஷி. பக்கவாசலில் நின்று, வாசனையே அதுதான் என்று சிரித்தார். வருகிற வெள்ளிக்கிழமையும் அங்கே போகிறார்களாம். முதலாளியிடம் சொல்லி, குசினிக்குள்ளிருந்து அப்பாவைக் கூப்பிட்டு எல்லாருக்கும் முன்னால் பாராட்டப் போகிறாராம். அப்பாவின் பெயர் என்ன என்று என்னிடம் கேட்டார். நான் அப்பாவின் பெயரை மட்டுமல்ல, அவருடைய அப்பாவின் பெயரையும் சேர்த்து, ஒவ்வோர் எழுத்தாகச் சொன்னேன். அவர் அதைப் போனில் குறித்துக்கொண்டு, ஏழு மணிக்கு வருவதாகச் சொல்லிப் போனார். திரும்பினால் அம்மா என் முதுகுக்குப் பின்னால் நிற்கிறார். அம்மாவுக்கு இங்கிலிஷ் மட்டுமட்டுத்தான். ஆனால் புருஷனின் பெயர் எந்தப் பாஷையிலும் விளங்கும்.

மெலிசாவை மேசையில் இருத்தினேன். அப்பா உள்ளே சட்டை மாற்றிக்கொண்டிருந்தார். அம்மா குசினிக்குள் போனார். கறித்தூள் பேணியைத் திறந்தார். நன்றாக வறுத்து இடித்த யாழ்ப்பாணத்துத் தூள், மூக்கில் பட்டாலே தும்மல் வரும். ஒரு கரண்டி. இன்னொரு கரண்டி. அந்தத் தேன் நிறச் சட்டிக்குள், குவியலாக. நான் "அம்மா" என்று கத்தினேன். அவர் திரும்பிப் பார்க்காமல் கிண்டினார்.

அப்பா ஓடி வந்தார். சட்டியைப் பார்த்தார். இனி ஒரு பூகம்பம் நடக்கும் என்று எதிர்பார்த்தேன். அம்மா தாழ்ந்த குரலில் ஒன்றுதான் சொன்னார். "பேரைக் குடுத்திட்டாள்."

அப்பா கரண்டியை எடுத்தார். தொட்டு ருசி பார்த்தார். பார்த்துவிட்டு, பேணியை இழுத்து, தன் கையால் இன்னும் அரைக் கரண்டி போட்டார்.

இதை நான் யாரிடம் போய்ச் சொல்ல? அம்மா செய்தது பட்டிக்காட்டுப் புத்தி என்று மன்னிக்கலாம். சொந்தச் சமையலைத் தானே கெடுக்கிற சமையல்காரனை எந்த ஊரில் கண்டீர்கள்?

மெலிசா நல்ல வளர்ப்பு. கண்ணும் மூக்கும் ஒழுக, மூன்று கிளாஸ் தண்ணீரோடு அரைக்கோப்பை சாப்பிட்டாள். நல்லாயிருக்கிறது என்றாள். பிறகு என்னைப் பார்க்காமல், ஆனால் இது அது இல்லை என்றாள். ஏழு மணிக்கு வந்த தாயிடமும் அதையே சொன்னாள். அப்போது அப்பா வாசலுக்கு வந்தார். ஒருநாளும் வராதவர். தனக்குத் தெரிந்த இங்கிலிஷைப் பொறுக்கிச் சேர்த்து, சிரித்துக்கொண்டே சொன்னார்.

"நோ ரெஸ்ரோறன்ற். மீ ஃபக்ரறி. டோற்றர் பிக் ஜோக்."

எல்லாம் மகளின் பகிடியாம். மெலிசாவின் அம்மாவும் சிரித்தார், என்னைப் பார்த்து ஒரு விரலை ஆட்டினார். அடுத்த நாள் வகுப்பில் என் கதை முடிந்தது. அந்த வருடம் முழுக்க நான் வாயைத் திறந்தால் யாராவது ஒருவர் பாஸ்ரா என்பார்கள். நான் அம்மாவோடு ஒரு கிழமை கதைக்கவில்லை. அம்மாவும் அதைப் பொருட்படுத்தியதாகத் தெரியவில்லை. அந்த வெள்ளிக்கிழமை பின்னேரம் மாதா படத்துக்கு முன்னால் இருந்து செபமாலை சொன்னார். முடித்துவிட்டு மறுபடி தொடங்கினார். மூன்றாம் தரமும். செய்த பாவத்துக்குப் பரிகாரம் தேடுகிறார், தேடட்டும் என்று நினைத்தேன்.

ஐந்து வருடத்துக்குப் பிறகு, நாங்கள் இங்கேயே இருக்கலாம் என்று ஒரு கடிதம் வந்தது.  அன்றைக்குத்தான் அம்மா எனக்குச் சொன்னார், காலநிலையைப் பற்றிச் சொல்வதுபோல. அந்த நாளில் எங்கள் அகதி வழக்கு முதலில் தோற்று மேன்முறையீட்டில் கிடந்தது. அப்பாவின் வேலை அனுமதியும் முடிந்துபோயிருந்தது. முதலாளிக்குத் தெரிந்த சமையல்காரர் றொபேட். பெயர், வேலைக்கான அரசாங்க இலக்கம் எல்லாம் றொபேட் அங்கிள் தந்தவை. வேறொரு பெயர் அந்த மேசைவரை போயிருந்தால் முதலில் வேலை போயிருக்கும், பிறகு வழக்கு, அதற்குப் பிறகு ஊருக்குத் திருப்பி அனுப்பும் விமானம். சட்டை மட்டுமல்ல, பெயரும் மற்றவர்களின் பழசுதான்.

சொந்தப் பெயரில் வேலை செய்ய அனுமதி வந்ததும் அப்பா அங்கே போக முடியாமல் போனது. றொபேட்டாகப் பழகியவர் எந்த முகத்தோடு வேறொருவராகப் போவது? ரிச்மண்ட் ஹில்லில் வேறொரு குசினி பிடித்தார். பாஸ்ரா பழைய இடத்தில், பழைய மெனுவில், அந்தப் பாட்டியின் பெயரிலேயே இருக்கிறது. அண்மையில் நானே போய்ச் சாப்பிட்டுப் பார்த்தேன். சீனி போட்டிருக்கிறார்கள். பனங்கட்டி இல்லை. காசு கொடுத்துவிட்டு எழும்பி வந்தேன். என் கோபம் குறையவில்லை, ஆளை மாற்றிக்கொண்டது, அவ்வளவுதான்.

ஆனால் அந்தத் திங்கட்கிழமை எனக்கு இதொன்றும் தெரியாது. மெலிசா போனபின் நான் சோபாவில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தேன். அவர்கள் இருவரும் அந்தக் கண்றாவியை மேசையில் வைத்துச் சாப்பிட்டார்கள். அப்பா இரண்டாம் தரமும் போட்டுச் சாப்பிட்டார். வெட்கமில்லாத மனுஷன் என்று நினைத்தேன். பிறகு சட்டி கழுவுகிற சத்தம் கேட்டது. அதற்கு மேலாக அம்மாவின் குரல்.

"நல்ல சாமானைப் பழுதாக்கிப் போட்டன்."

"நீர் போட்டது காணாது" என்றார் அப்பா. "அதுதான் நானும் போட்டனான்."

இவ்வளவும் நடந்த பிறகும் போதும் போதாது என்று உறைப்பின் அளவைப் பற்றிக் கதைக்கிறார்களே என்று, நான் குஷனை எடுத்துக் காதைப் பொத்திக்கொண்டேன்.