இன்னும் எத்தனை மலை?

கடத்தூரில் லாரிகளுக்கு நம்பர் எழுதிப் பிழைத்த இன்னாசிராஜ், எங்கள் கையெழுத்துப் பத்திரிகைக்கு மாதம் நான்கு பக்கம் படக்கதை வரைவார். பத்திரிகை ஒரே பிரதிதான். பட்டியல்படி வீட்டுக்கு ஒரு நாள் போகும். கடைசித் தாள்களை வெறுமையாக விட்டிருப்போம். படித்தவர்கள் அதில் கருத்து எழுத வேண்டும். ஆசிரியர் என்று பெயர் போட்டுக்கொண்டவன் நான்.

மந்திரவாதியின் சாபத்தால் தூங்கும் இளவரசி. அவளை எழுப்பப் பறக்கும் குதிரையில் மலை மலையாகத் தாண்டி வரும் இளவரசன். இரண்டு வருடமாக ஊரே படித்தது. பட்டியலில் கடைசி வீடு புஷ்பமேரியுடையது. கிணற்றுப் படியில் வழுக்கி விழுந்ததிலிருந்து இரண்டு கால்களும் விளங்காமல் கட்டிலோடு கிடந்த பெண். மாதம் தவறாமல், 'இன்னும் எத்தனை மலைங்கண்ணா?' என்று எழுதுவாள்.

எண்பத்தாறு ஆகஸ்டில் இன்னாசிராஜ் ஒரு போடு போட்டார். குதிரையின் இறக்கை ஒடிந்து, உள்ளேயிருந்து வயர் தொங்கியது. இளவரசனும் இயந்திரம். அரண்மனை, வானத்தில் வழிதவறிய கப்பல். அதை அனுப்பிய உலகம் அழிந்து முந்நூறு வருடமாகிவிட்டது. சாபமும் இல்லை, எழுப்ப ஆளும் இல்லை. பிரமாதம் என்று குதித்தேன், மடையன். புஷ்பமேரியின் நினைப்பு எங்கள் இருவருக்குமே வரவில்லை.

மளிகைக்கடை ராஜப்பன்தான் கடைத்தெருவில் எங்களைப் பிடித்துக்கொண்டார்.

"ராஜா கதைன்னு படிச்சா ராக்கெட் வுடற! அந்தப் புள்ள இதப் படிச்சா என்னய்யா ஆவும்?"

இன்னாசிராஜின் முகம் செத்துவிட்டது. வேலையைப் போட்டுவிட்டு உட்கார்ந்து, இளவரசன் வந்து சேர்வதாக நான்கு பக்கம் புதிதாக வரைந்தார். பழைய பக்கங்களைக் கிழித்துவிட்டு இவற்றை ஒட்ட வேண்டும். சைக்கிளில் ஓடினோம். பட்டியலில் அவளுக்கு முந்தைய வீடு மாதையனுடையது.

"காலையிலயே அந்த வூட்டுக்குக் குடுத்தாச்சுங்களே" என்றார் மாதையன்.

புஷ்பமேரியின் அம்மா ரோசம்மா கதவைத் திறந்தார். பத்திரிகை கட்டிலில் மூடிக் கிடந்தது. இன்னாசிராஜ் புதிய தாள்களைப் புஷ்பமேரியிடம் நீட்டினார்.

"தப்பா வரைஞ்சிட்டேம்மா. இதப் பாரு, வந்துர்றான்."

நான்கு பக்கத்தையும் நிதானமாகப் பார்த்தாள்.

"நல்லா இருக்குதுங்கண்ணா" என்று திருப்பிக் கொடுத்தாள். "மொதல்ல வரைஞ்சதே இருக்கட்டுங்க."

பத்திரிகையை வாங்கிக்கொண்டு வெளியே வந்து கடைசித் தாளைப் புரட்டினேன். இம்முறை அவள் மலையைப் பற்றிக் கேட்கவில்லை.

'யாரும் வரமாட்டாங்கன்னு அந்தப் பொண்ணுகிட்ட மட்டும் சொல்லிராதீங்கண்ணா. தூங்கட்டும்.'

இன்னாசிராஜ் சைக்கிளைப் பிடித்தபடியே அழுதார். அடுத்த மாதப் பத்திரிகையை, "புள்ள இனிமே வேணாங்குதுங்க" என்று ரோசம்மா வாசலிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டார்.