சேறு என்று எழுதாத மனு

ஒடுகத்தூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். மனு எழுதித் தருவதும் உண்டு. பட்டாவோ தெருவிளக்கோ, அதிகாரி மனம் இளகும்படி எழுதுவேன் என்று பெயர். அந்தப் பெயரை நினைத்தால் இப்போது பற்றிக்கொண்டு வருகிறது.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் ஜவ்வாது மலையடிவாரத்து ஏரிக்குப் போய்விடுவேன். தை பிறந்து தண்ணீர் வற்ற வற்ற, ஓரத்தில் சேறு விரியும். பனி விழும் வடதேசங்களிலிருந்து வந்த உள்ளான் குருவிகள் அங்கே இறங்கும். மைனா அளவு உடம்பு, குச்சிக் கால். முட்டிக்குக் கீழே தண்ணீர் நின்றால்தான் அதற்குச் சாப்பாடு. ஆழத்தில் அதற்கு வேலையே இல்லை.

அங்கே ஒரு அக்கா நான்கு எருமை மேய்த்துக்கொண்டிருப்பார். எருமைகள் மிதித்த குளம்படிகளில் தண்ணீர் தேங்கி, புழு சேரும். ஒவ்வொரு உள்ளானும் சில குளம்படிகளைத் தனக்கென்று பிடித்துக்கொள்ளும். இன்னொன்று எட்டிப் பார்த்தால் தலையைத் தாழ்த்திக்கொண்டு துரத்தும். பட்டா வாங்கிவிட்டது என்று அக்கா சிரிப்பார். எருமை எழுந்து நகர்ந்தால் உள்ளானும் பின்னாலேயே ஓடும்.

ஏரியைச் சீமைக் கருவேலம் அடைத்துக்கொண்டு வந்தது. கோழிக்கடைக் கழிவை மூட்டை மூட்டையாகக் கொண்டுவந்து கொட்டினார்கள். பொறுக்க முடியாமல் எனக்காக முதன்முதலாக ஒரு மனு எழுதினேன். 'ஏரியோரச் சேற்றைக் காப்பாற்ற வேண்டும்' என்று ஆரம்பித்து, அடித்துவிட்டேன். சேற்றுக்கு மனுவா என்று சிரிப்பார்களே! தொழில் புத்தி விடவில்லை. 'அரிய வெளிநாட்டுப் பறவைகள் தங்கி மகிழ ஏரியை ஆழப்படுத்தி, கரையைச் செம்மைப்படுத்தித் தருமாறு' என்று எழுதினேன். 'ஆழப்படுத்தி' என்ற சொல்லுக்குத்தான் ஃபைல் நகரும். நகர்ந்தது.

ஜேசிபி வந்தது. கிணறு வெட்டுவதுபோல ஓரம் முழுக்க ஆழமாகத் தோண்டி, சரிவில் கல் பதித்தார்கள். மேலே நடைபாதை, உட்கார பெஞ்சு. திறப்பு விழாவில் எனக்குச் சால்வை போர்த்தினார்கள். நானும் வெட்கமில்லாமல் கழுத்தை நீட்டினேன்.

அடுத்த தையில் உள்ளான்கள் வந்தன. கூவிக்கொண்டே ஏரியை மூன்று சுற்று சுற்றின. கால் வைக்க ஒரு சாண் சேறு இல்லை. மலைப்பக்கமாகப் போய்விட்டன. அடுத்த ஞாயிறும் அதே கதை.

நடைபாதையில் பெயர்ந்த கல்லைத் திரும்ப ஒட்டிக்கொண்டிருந்த மேஸ்திரியைப் பிடித்துக் கத்தினேன். மூளை இருக்கிறதா, பறவையின் வயிற்றில் கல்லைப் போட்டுவிட்டீர்களே என்று வாய்க்கு வந்ததெல்லாம் பேசினேன். அவன் மேலிடத்திலிருந்து தனக்கு வந்த காகிதத்தின் படத்தை போனில் எடுத்துக் காட்டினான். என் கையெழுத்து. என் வாக்கியம். 'ஆழப்படுத்தி.'

அக்கா கரைமேல் நின்றிருந்தார். கல் சரிவில் இறங்கும்போது வழுக்கி விழுந்து அவருடைய ஒரு எருமைக்குக் கால் போயிருந்தது. மற்ற மூன்றும் தண்ணீரைப் பார்த்தபடி மேலேயே நின்றன.

"அவன இன்னாத்துக்கு சார் திட்றீங்க? நீங்க கேட்டதத்தான செஞ்சிக்கிறான்" என்றார். "என்னாண்ட ஒரு வார்த்த கேட்டிருந்தா, சேறு வேணும்னு சொல்லியிருப்பனே."

ஊரில் எத்தனை பேர் சொன்னதை நான் இப்படி அழகாக மாற்றி எழுதிக் கெடுத்திருக்கிறேனோ தெரியாது.

அன்றைக்கே கடையைத் திறந்து புது மனு எழுதினேன். அக்கா சொல்லச் சொல்ல எழுதினேன். 'ஐயா, எங்கள் ஏரிக்குச் சேறு வேண்டும். ஒரு பக்கத்துக் கல்லைப் பெயர்த்துவிடுங்கள். எருமை இறங்க வேண்டும், குருவி நிற்க வேண்டும்.' முதல் கையெழுத்து அவருடையது. இரண்டாவது என்னுடையது. கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் நீட்டுகிறேன். படித்துவிட்டுச் சிரிக்கிறார்கள். மூன்றாவது கையெழுத்து இன்னும் விழவில்லை.