கடல் காட்டப் போனவளின் கோபங்கள்

ஒருநாள் கடற்கரைச் சுற்றுலா ஏற்பாடு செய்கிறேன் என்று நோட்டீஸில் போட்டுக்கொண்டாலும், உண்மையில் வெயில், அலை, அடுத்தவர் பசி மூன்றுக்கும் சேர்த்துத் திட்டு வாங்குவதுதான் என் வேலை. திண்டிவனத்திலிருந்து வேன் வைத்து மரக்காணம், பொம்மையார்பாளையம், பாண்டிச்சேரி என்று காலையில் போய் இரவுக்குள் திரும்புவோம். சொந்தக்காரர்களை ஒரே ஒரு தடவை வேனில் ஏற்றிப் போயிருந்தால் போதும், என் வயிற்றெரிச்சல் உங்களுக்கும் புரியும்.

போகிற வழிதானே

அனந்தபுரத்தில் மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, பிடுங்கி முடித்த ஒரு விவசாயக் குடும்பம். வெயிலுக்கு முன்னால் கடலில் இறங்கிவிட வேண்டும் என்று விடியும்போதே ஏற்றினேன். கூட்டேரிப்பட்டில் பெரியவருக்கு மட்டும் ஒரு டீ என்றார்கள். அவர் இறங்க, வேனே இறங்கியது. டீ முடிந்ததும், "மயிலம் போற வழிதானே, முருகனைப் பாக்காம எப்படிம்மா போறது?" என்றார்.

முருகனை நான் குறை சொல்லவில்லை. ஆனால் மலையேறி, வரிசையில் நின்று, திடீரென்று நினைவுக்கு வந்த வேண்டுதலுக்காக இரண்டு குழந்தைகளுக்கு மொட்டையும் போட்டுக் கிளம்பினால் மணி என்ன ஆகும்? பொம்மையார்பாளையம் மணல் அடுப்பாகக் கொதித்தது. பெரியவர் ஒற்றைக் காலில் குதித்தபடி கத்தினார்:

"இன்னாம்மா நீ, கொஞ்சம் ஜல்தியா கூட்டினு வர மாட்டியா?"

சூரியன் எங்கே?

விழுப்புரத்துக்காரர் ஒருவர், கல்யாண நாளுக்கு மனைவியோடு வந்தார். கடலுக்குள் சூரியன் இறங்குகிற மாதிரி ஒரு போட்டோ வேண்டுமாம். மரக்காணத்தில் சாயங்காலம் முழுக்கக் கடலையே முறைத்துக்கொண்டு நின்றார். "சார், இது கிழக்குக் கடல். சூரியன் உங்க பின்னாடி உப்பளத்துப் பக்கம் இறங்குது, திரும்பிப் பாருங்க" என்றேன். அவர் மனைவி திரும்பிப் பார்த்து, "அழகா இருக்குங்க" என்றுகூடச் சொன்னார். இவர் திரும்பவே இல்லை.

"அதெல்லாம் தெரியாது மேடம், வேற பீச்சுக்கு வண்டிய விடச் சொல்லுங்க."

பூட்டிய கதவு

எங்கள் பங்குக் கோயில் பெண்களை அழைத்துப் போனேன். மதியச் சாப்பாட்டுக்குக் கடலோர விடுதி ஒன்றில் பேசியிருந்தேன். இலை போட்டாகிவிட்டது. ஆனால் கழிப்பறையில் பூட்டு. ரூம் எடுத்தவர்களுக்கு மட்டும்தான் என்றார் மேலாளர். ஆண்கள் வந்தால் சவுக்குத் தோப்புப் பக்கம் ஒதுங்கிவிடுவார்கள், இவர்கள் எங்கே போவார்கள்? சர்க்கரை நோயுள்ள மேரியக்கா அவசரத்தை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"கதவைத் திறந்தாதான் சாப்பாடு" என்று நான் எழுந்தேன். பெண்கள் எல்லோரும் இலையை விட்டு எழுந்தார்கள். சமைத்தது வீணாகிவிடும் என்று தெரிந்ததும் சாவி தானாக வந்தது. பூட்டைத் திறந்துகொண்டே மேலாளர் முணுமுணுத்தார்:

"பாத்ரூம் போறதெல்லாம் முன்னாடியே சொல்லிட்டு வரணும்மா."

முழங்கால் வரைக்கும்

விழுப்புரத்தில் ஒரு செல்போன் கடைப் பையன்கள், கூடவே அவர்கள் மேற்பார்வையாளர். "முழங்காலுக்கு மேல தண்ணி வந்தா திரும்பிடுங்க" என்று வேனிலேயே மூன்று தடவை சொன்னேன். கார்த்தி என்கிற பையன் இடுப்பளவுக்குப் போய்க் கையாட்டினான். அடுத்த அலையில் ஆளைக் காணோம்.

கரையில் வலை இழுத்துக்கொண்டிருந்த ஏழுமலை என்பவர், வலையை அப்படியே விட்டுவிட்டுக் குதித்தார். முடியைப் பிடித்து இழுத்து வந்து போட்டார். கார்த்தி தண்ணீரைக் கக்கிவிட்டு, அம்மா என்று அழுதான். வலை பாறாங்கல்லில் சிக்கிக் கிழிந்துபோயிருந்தது. மேற்பார்வையாளரோ செல்போனைத் தூக்கி வீடியோ எடுத்துக்கொண்டிருந்தார்.

"உயிரு போய் வந்திருக்கு. அந்த மனுஷன்கிட்ட ஒரு வார்த்தை சொல்லத் தோணலையா உங்களுக்கு?" என்று கத்திவிட்டேன். அவர் வீடியோவை நிறுத்தவில்லை. கார்த்திதான் தள்ளாடிப் போய் ஏழுமலையின் கையைப் பிடித்துக்கொண்டான். பிறகு பையன்கள் எல்லோரும் சேர்ந்து, கல்லில் மாட்டிய வலையை எடுத்துக் கொடுத்தார்கள். வேன் கிளம்பியதும் மேற்பார்வையாளர் நான் உட்கார்ந்திருந்த முன் சீட்டுப் பக்கம் குனிந்தார்:

"அலை இவ்ளோ பெருசா வரும்னு வாட்ஸ்அப்ல ஒரு மெசேஜ் போட்டிருக்கலாம்ல மேடம்?"

இத்தனை வருஷத்தில் என்னைக் குறை சொல்லாமல் விட்டது அந்தக் கடல் ஒன்றுதான், அதற்கும் வாய் இருந்திருந்தால் என்ன சொல்லியிருக்குமோ!